வானத்தின் முதுகுப்பக்கம்: வீஸ் தேவாலயத்தின் விதானமும் சுதையும் ஓவியமும்

ஜெர்மனியில் உள்ள வீஸ் தேவாலயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வாசலில் தொடங்குவார்கள். அந்தக் கட்டடத்தின் சூட்சுமம் இருப்பதோ உச்சியில், வெளிக்கூரைக்கும் உள் விதானத்துக்கும் நடுவே உள்ள இருட்டில். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு எல்லையில்லாத நீல வானம். அதே வானத்தின் முதுகுப்பக்கம் கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி: வளைந்த மர விலாக்கள், அவற்றின் அடிப்பக்கம் வரிசையாக ஆணியடித்த ரீப்பர்கள் (மெல்லிய மரச்சட்டங்கள்), ரீப்பர் இடுக்குகள் வழியே பிதுங்கி வந்து அப்படியே இறுகிப்போன சாந்துக் கட்டிகள். கீழே தெரியும் வானவில்லும் அப்போஸ்தலர்களும் தேவதூதர்களும் அந்தப் பிதுங்கலைப் பிடித்துக்கொண்டுதான் தொங்குகிறார்கள்.

இதைக் கல் வளைவு என்று நினைத்துப் பார்த்தால் கட்டடம் பிடிபடாது. சன்னல்கள் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்க முடிகிறது, தூண்கள் ஏன் இவ்வளவு ஒடிசலாக நிற்க முடிகிறது, ஓவியம் எங்கே முடிகிறது சுதை எங்கே ஆரம்பிக்கிறது என்று ஏன் தெரியமாட்டேன் என்கிறது, பிற்காலத்தில் ஏன் விரிசல் விட்டது என்று கேட்டால், எல்லாவற்றுக்கும் விடை மேலே உள்ள அந்த மரவேலையில் இருக்கிறது.

இடம் பற்றிச் சுருக்கமாக. தெற்கு ஜெர்மனியில் பவேரியா, ஆல்ப்ஸ் மலை தொடங்கும் இடம், ஸ்டைன்காடன் ஊருக்கு வெளியே ஒரு புல்வெளி. 'வீஸ்' என்றாலே அவர்கள் மொழியில் புல்வெளிதான். கடல்மட்டத்திலிருந்து சுமார் 870 மீட்டர் உயரம். 1730இல் ஸ்டைன்காடன் மடத்துத் துறவிகள் பெரிய வெள்ளி பவனிக்காகச் சாட்டையடி பட்ட இயேசுவின் உருவம் ஒன்றைச் செய்தார்கள். பழைய மரச்சிலைகளின் உறுப்புகளை ஒட்டுப்போட்டு, துணி சுற்றி, வண்ணம் பூசியது. காணச் சகிக்கவில்லை என்று சில ஆண்டுகளிலேயே அது மூலைக்குப் போயிற்று. 1738இல் வீஸ் பண்ணையில் இருந்த ஒரு குடும்பம் அதை வீட்டுக்கு வாங்கிப்போனது. அந்த ஆண்டு ஜூன் 14 அன்று அதன் கண்ணில் நீர் கண்டதாகச் செய்தி பரவியது. கூட்டம் கூடியது. 1740இல் எழுப்பிய சிற்றாலயம் போதவில்லை. 1745இல் பெரிய தேவாலயத்துக்கான வேலை தொடங்கி, 1749இல் பீடப்பகுதி தயாராகி உருவம் அங்கே வைக்கப்பட்டது. முழுக் கட்டடமும் 1754இல் அர்ப்பணிக்கப்பட்டது. செலவு மடத்தின் கையைச் சுட்டுவிட்டது. கடன் நெடுநாள் தொடர்ந்தது.

கட்டியவர் டொமினிகஸ் ஸிம்மர்மன். வரைந்தவர் அவருடைய அண்ணன் யோஹான் பாப்டிஸ்ட் ஸிம்மர்மன். இருவருமே வெஸ்ஸோபுருன் பகுதிக்காரர்கள், அதாவது சுதை வேலைக்குப் பேர்போன ஊர். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. டொமினிகஸ் முதலில் சுதைக்காரர், பிறகுதான் கட்டடக்காரர். அண்ணனும் மூனிக் அரசவைக்குச் சுதை வேலை செய்தவர். ஓவியம் அதோடு சேர்ந்தது. ஒருவர் கட்ட, இன்னொருவர் பூச, மூன்றாமவர் வரைய என்று ஆள் ஆளுக்குப் பிரித்துக் கொடுத்த வேலை இல்லை இது. ஒரே குடும்பத்துக் கை. வீஸுக்கு முன்பே, 1728 முதல் 1733 வரை ஸ்டைன்ஹௌஸன் என்ற ஊரில் இதே சகோதரர்கள் நீள்வட்டத் தேவாலயம் ஒன்றைக் கட்டிப் பழகியிருந்தார்கள். இங்கே செய்தது அந்த யோசனையின் அடுத்த பதிப்பு. என் பார்வையில் அதைவிடத் துணிச்சலான பதிப்பு.

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் பெரிதாக இல்லை. வெளிர் சுவர், செங்குத்தான கூரை, ஒரு கோபுரம், அதை ஒட்டி மடாதிபதி கோடையில் தங்கும் வீடு. அந்த வீட்டின் சன்னல் கண்ணாடி ஒன்றில், இங்கே நற்பேறு குடியிருக்கிறது, இங்கே இதயம் இளைப்பாறுகிறது என்று பொருள்படும் இலத்தீன் வரி கீறப்பட்டிருக்கிறது. மோதிர வைரத்தால் கீறியவர் மடாதிபதி மரியானுஸ் மாயர் என்பார்கள். கடனை நினைத்தால் கொஞ்சம் வேடிக்கைதான்.

உள்ளே தரைப்படம் இப்படி: மேற்கே அரைவட்ட முன்கூடம், நடுவில் நீள்வட்டக் கூடம், கிழக்கே ஒடுங்கி நீளும் பீடப்பகுதி. நீள்வட்டம் என்றாலும் கணக்காக வரைந்த நீள்வட்டம் அல்ல. இரண்டு அரைவட்டங்களைப் பிரித்து வைத்து, நடுவில் ஒரு நேர்த்துண்டைச் செருகிய வடிவம். கயிறும் முளைக்குச்சியும் இருந்தால் களத்திலேயே கோடு போட்டுவிடலாம். மேலே வரும் மர விலாக்களையும் ஒரே ஆரத்தில் அறுத்துக்கொள்ளலாம். கூடத்தைச் சுற்றி, வெளிச்சுவரை விட்டு உள்ளே தள்ளி இரட்டை இரட்டையாகத் தூண்கள். விதானத்தின் சுமையை வாங்குவதுபோல் தெரிவது இந்த உள்வளையம். வெளிச்சுவர் சன்னலுக்காகவே விட்டு வைத்த மாதிரி நிற்கிறது. தூணுக்கும் சுவருக்கும் இடையே பக்தர்கள் சுற்றி வரும் நடை. சன்னல் வெளிச்சம் அந்த நடையில் விழுந்து, தூணின் வெள்ளைப் பக்கத்தில் பட்டு, அங்கிருந்து கூடத்துக்குள் வருகிறது. கண்ணை உறுத்தும் நேர்வெளிச்சம் குறைவு. நிழலும் கருத்து விழுவதில்லை. மேகம் மூடிய நாளிலும் உள்ளே துலக்கமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மரத்துக்கு வருவோம்.

கல்லில் வளைவு கட்டினால் அதன் எடை நேர்கீழே மட்டும் போகாது, பக்கவாட்டிலும் உதைக்கும். அந்த உதைப்பைத் தாங்கச் சுவர் பருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே முட்டுச்சுவர் வைக்க வேண்டும். சுவர் பருத்தால் சன்னல் சிறுக்கும். வளைவைத் தட்டையாக்கினாலோ உதைப்பு இன்னும் ஏறும். மர விதானத்தில் இந்தத் தொல்லை இல்லை. வெளிக்கூரையின் சட்டகத்தில் உள்ள குறுக்கு விட்டங்கள் எதிரெதிர்ச் சுவர்களை விலகாமல் பிடித்துக்கொள்ளும். விதானம் அந்தச் சட்டகத்தை அண்டி நிற்கும். சுவருக்கு வருவது பெரும்பாலும் நேர் எடைதான். ஆகவே விதானத்தைத் தேவைப்பட்ட அளவுக்குத் தட்டையாக்கலாம். ஆழமான கும்பத்தில் உருவங்கள் கோணிக்கொள்ளும். முழுக்கச் சமதளமாக இருந்தால் வானம் மூடி போட்டது மாதிரி ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவே, விளிம்பில் வளைந்து நடுவில் விரிந்த இந்த வடிவம் ஓவியருக்காகவே செய்து கொடுத்தது போல இருக்கிறது.

இந்தவகை விதானம் போடும் வரிசை இது. முதலில் வெளிக்கூரை முழுக்க மூடப்பட வேண்டும். மலைப்பகுதியில் பனி கனமாக விழும் என்பதால் கூரை செங்குத்து, சட்டகம் பலமானது. கூரை மூடாமல் உள்ளே பூச்சு வேலையைத் தொடங்கினால் ஒரே மழையில் எல்லாம் போச்சு. அடுத்து விலாக்கள்: பலகைகளை வளைவாக அறுத்து, ஒன்றின் மூட்டு இன்னொன்றின் மூட்டுக்கு நேரே வராதபடி இரண்டு மூன்று அடுக்காகச் சேர்த்து ஆணியடிப்பார்கள். இவற்றைக் கூரைச் சட்டகத்தோடு பிணைப்பார்கள். விலாக்களின் அடிப்பக்கம் குறுக்காக ரீப்பர்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டு. இந்த இடைவெளிதான் உயிர்நாடி. முதல் பூச்சைக் கரண்டியால் அழுத்தி ஏற்றும்போது சாந்து இடைவெளி வழியே மேல்பக்கம் போய், காளான் குடை மாதிரி விரிந்து இறுக வேண்டும். சாந்து மரத்தில் பசை போட்டது மாதிரி ஒட்டிக்கொள்வதில்லை. இந்தக் குடைகள்தான் கொக்கி.

இடைவெளி குறுகினால் சாந்து உள்ளே போகாது, கொக்கி விழாது. அகன்றால் இறுகுவதற்குள் சொந்த எடையிலேயே வழிந்துவிடும். பச்சை மரத்தில் ரீப்பர் அடித்தால் காயும்போது சுருங்கி, பூச்சில் அதே திசையில் கோடுகோடாக விரிசல் விடும். விரிசலைப் பார்த்தே நோயைச் சொல்லலாம். ஒன்றுக்கொன்று இணையாக நேர்கோட்டில் போனால் ரீப்பர் அசைந்திருக்கிறது. சிலந்திவலை மாதிரி எல்லாப் பக்கமும் ஓடினால் சாந்து காய்ந்த வேகம் தப்பு. விரிசலே இல்லாமல், விரல் மூட்டால் தட்டும்போது 'டொக்' என்று பொள்ளலாகக் கேட்டால் அதுதான் மோசம்: மேலே கொக்கிகள் ஒடிந்துவிட்டன, பூச்சு பழக்கதோஷத்தில் நின்றுகொண்டிருக்கிறது.

முதல் பூச்சுக்குத் தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பு, மணல், கொஞ்சம் ஜிப்சம், நார்போல் பிடித்துக்கொள்ள விலங்கு முடி. ஜிப்சம் சீக்கிரம் இறுகும், சுண்ணாம்பு மெதுவாக வலுப்பெறும். தலைக்கு மேலே பூசும்போது இரண்டும் வேண்டும்: ஒன்று விழாமல் பிடிக்க, இன்னொன்று நூற்றாண்டுக்கணக்கில் நிற்க.

இதே கலவையின் மென்மையான வகையில்தான் சுதை உருவாகிறது. வெஸ்ஸோபுருன் ஆட்கள் அச்சில் வார்த்து ஒட்டியதைவிட நேராகச் சுவரில் வைத்துக் கையால் பிடித்ததே அதிகம். துருத்தி நிற்க வேண்டிய இடத்தில் முதலில் ஆணி, கம்பி. பருமன் வேண்டும், எடை வேண்டாம் என்றால் உள்ளே கரித்துண்டு. அதன்மேல் மணல் கலந்த முரட்டுச் சாந்து, மேலே நைஸான சுண்ணாம்பு-ஜிப்சம் பூச்சு. வெறும் ஜிப்சம் கால் மணி நேரத்துக்குள் கையை விட்டுப் போய்விடும். தண்ணீரில் தோல்பசை சிறிது கரைத்தால் இறுகுவது தள்ளிப்போகும், செதுக்க நேரம் கிடைக்கும். பசை கூடிவிட்டால் மேற்பரப்பு வலுவில்லாமல் போகும். பதம் வெண்ணெயிலிருந்து பாலாடைக்கட்டிக்கு மாறும் நேரத்தில் இரும்புக் கரண்டியாலும் மரக்குச்சியாலும் கோடுகள் விழ வேண்டும். பிந்தினால் பொடியும். வீஸில் உள்ள சுருள்களைக் கூர்ந்து பார்த்தால் வலமும் இடமும் ஒரே அளவில் இல்லை என்பது தெரியும். அச்சு வார்ப்பில் அந்தத் தளுக்கு வராது.

பீடப்பகுதியின் இருபக்க நடைகளையும் பாருங்கள். கீழே ஒன்று, மேலே ஒன்று என்று அடுக்கு நடை. உருவத்தைச் சுற்றி வரும் பக்தர்களுக்காக அமைந்தது. மேல்நடையின் தூண்களுக்கு மேலே சாதாரணமாக அரைவட்ட வளைவு வர வேண்டும். ஸிம்மர்மன் அங்கே வளைவையே காணாமல் அடித்துவிட்டார். அதற்குப் பதில் சிப்பி விளிம்பு மாதிரி சுருண்ட சட்டங்கள், நடுவில் ஓட்டை, ஓட்டை வழியே பின்னால் உள்ள வெளிச்சம். சுவரில் ஒட்ட வேண்டிய அலங்காரம் இங்கே தானே சுவராகி நிற்கிறது. கல்லில் இதைச் செய்ய யாருக்கும் தைரியம் வராது. மேலே இருப்பது இலேசான மரமும் பூச்சும் என்பதால்தான் இந்த விளையாட்டு. இந்தக் கட்டடத்தின் கலைப்பாணியான ரொக்கோக்கோ என்றால் அலங்காரத்தைக் கொட்டிக் கவிழ்ப்பது என்று சொல்பவர்களை இந்த ஓர் இடத்துக்கு அழைத்துவந்து நிறுத்தலாம். கூடத்தில் பாதிக்கு மேல் வெற்று வெள்ளைதான், அலங்காரம் எங்கே வேலை இருக்கிறதோ அங்கே திரண்டிருக்கிறது.

இனி ஓவியம். ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் வரையும் முறை, ஃப்ரெஸ்கோ. வண்ணத்தூளைத் தண்ணீரில் மட்டும் குழைத்துத் தீட்டுவார்கள், பசை கிடையாது. நீற்றிய சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக்கல் ஆகிறது. அப்போது மேலே உருவாகும் கண்ணாடி போன்ற மெல்லிய படலம் வண்ணத்தைச் சிறைப்பிடித்துக்கொள்கிறது. இதற்கு ஈரம் வேண்டும், காற்று வேண்டும், உறைபனி கூடவே கூடாது. இறுகாத பூச்சு உறைந்தால் உள்ளேயிருக்கும் நீர் பனிக்கட்டியாகி விரிந்து பூச்சைப் பொடியாக்கிவிடும். ஆகவே இந்த உயரத்தில் ஓவியருக்குக் கிடைப்பது வெயில் மாதங்கள் மட்டும்.

அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டிலிருந்து மூன்று பங்கு மணல், சொரசொரப்பாக. அது காய்ந்தபின் மேல்பூச்சு: மணல் குறைவு, சில மில்லிமீட்டர் கனம். இதை அன்றன்று வரையக்கூடிய அளவுக்கு மட்டுமே பூச வேண்டும். ஏறக்குறைய ஒரு பகல்பொழுதுதான் வண்ணம் உள்ளே இறங்கும். அதற்குள் வரையாமல் மிஞ்சிய பூச்சைச் சாய்வாக வெட்டி எறிந்துவிட்டு, மறுநாள் புதுப்பூச்சை அந்த விளிம்போடு சேர்த்துப் பூசுவார்கள். தையல் தெரியாமலிருக்க, விளிம்பை ஓர் அங்கியின் ஓரமாகவோ கையின் கோடாகவோ கொண்டுபோவது வழக்கம். உருவங்களில் இது சுலபம். வெறும் வானத்தில் மறைக்க எந்தக் கோடும் கிடையாது. நேற்றைய நீலம் காய்ந்து வெளுத்திருக்கும். இன்றைய நீலம் ஈரத்தில் கருத்துத் தெரியும். காய்ந்தபின் எந்த நிறம் வரும் என்று கணித்துத்தான் கலக்க வேண்டும். உலர்ந்த செங்கல்மேல் ஒரு தீற்றுத் தீற்றினால் அது ஈரத்தை உறிஞ்சி, காய்ந்த நிறத்தைச் சில நொடிகளில் காட்டிவிடும். வீஸின் வானத்தில் தொலைநோக்கியை ஓட்டினால், சாய்ந்த வெளிச்சத்தில் நாள்தையல்களைத் தேடிப் பார்க்கலாம். மேகங்கள் ஏன் அவ்வளவு தாராளமாக மிதக்கின்றன என்பதற்கு அதில் பாதி விடை உண்டு.

எல்லா வண்ணமும் சுண்ணாம்போடு ஒத்துப்போகாது. காவி, மஞ்சள் மண், பச்சை மண், சுண்ணாம்பு வெள்ளை ஆகியவை பத்திரம். ஈய வெள்ளை சுவரில் நாளடைவில் கருக்கும். தாமிரத்திலிருந்து வரும் நீலம் ஈரச் சுண்ணாம்பில் தங்காது. கோபால்ட் கலந்த நீலக் கண்ணாடியை அரைத்த ஸ்மால்ட் தாங்கும், ஆனால் நைஸாக அரைத்தால் நீலம் வெளுத்துச் சாம்பலாகும். முரடாக விட்டால் தூரிகையில் நிற்காது. ஒத்துப்போகாத வண்ணங்களைப் பூச்சு காய்ந்தபின் சுண்ணாம்பு நீரிலோ பசையிலோ குழைத்து மேலே தீட்டுவார்கள். பழைய விதானங்களில் முதலில் உதிர்வது இந்த மேல்தீட்டுகள்தான். முகம் அப்படியே இருக்கும், அங்கியின் மடிப்பு மட்டும் மங்கியிருக்கும்.

கோடு எடுப்பது தனி வித்தை. சிறிய மாதிரிப் படத்தில் கட்டம் போட்டு, அந்தக் கட்டங்களை வளைந்த பரப்பில் நூல் பிடித்துப் பெரிதாக்கி, ஈரப்பூச்சின்மேல் முனை மழுங்கிய கம்பியால் கீறுவார்கள். சாரத்தின் மேல் நிற்கும் ஓவியருக்கு முகத்துக்கு நேரே ஒரு முழங்கால் மட்டும் தெரியும். முழுப்படமும் கண்ணில் படாது. கீழே இறங்கிப் பார்த்தாலும் சாரத்துப் பலகை மறைக்கும். ஆகவே தவறு இருந்தால் சாரம் பிரித்த அன்றுதான் தெரியும். அன்றைக்குத் தெரிந்து என்ன பயன்?

கூடத்தின் விதானத்தில் வரைந்திருப்பது தீர்ப்பு நாளுக்குச் சற்று முந்திய கணம். நடுவே வானவில்லின் மேல் உயிர்த்த கிறிஸ்து, அருகே தேவதூதர் தாங்கும் சிலுவை. பீடப்பகுதிப் பக்கம் நியாயாசனம். அது காலியாக இருக்கிறது. எதிரே மேற்கில், ஆர்கனுக்கு மேலே, நித்தியத்தின் வாசல். அது சாத்தியிருக்கிறது. வாசலடியில் காலத்தின் உருவமான காலதேவன் வீழ்ந்து கிடக்கிறார். மேலே உள்ள இலத்தீன் வரி திருவெளிப்பாட்டிலிருந்து எடுத்தது: 'இனி காலம் செல்லாது.' தீர்ப்பு இன்னும் வரவில்லை, இரக்கத்துக்கு நேரம் இருக்கிறது என்பதுதான் சேதி. தண்டனைக் காட்சிகளை வரிசையாக அடுக்கும் வழக்கமான தீர்ப்புநாள் ஓவியங்களுக்கு நடுவே இது வித்தியாசமான தேர்வு. சாட்டையடி பட்ட உருவத்தைத் தேடிவரும் கூட்டத்துக்கு ஏற்ற தேர்வும்கூட.

பார்க்கும் முறை ஒன்று சொல்கிறேன். உரோமாபுரியில் இக்னாசியார் ஆலயத்தில் அந்திரேயா பொட்ஸோ வரைந்த விதானத்துக்கு, தரையில் குறித்த ஒரே ஒரு புள்ளியில் நிற்க வேண்டும். அங்கிருந்து விலகினால் வரைந்த தூண்களெல்லாம் சாயும். வீஸில் அப்படி ஒரு புள்ளி இல்லை. வரைந்த கட்டட அமைப்புகள் விளிம்பிலும் இரு கோடிகளிலும் மட்டுமே, மீதி வானம். நடந்துகொண்டே பார்க்கலாம். முதலில் நுழைவாயில் அருகே நின்று நியாயாசனத்தைப் பாருங்கள். பிறகு கூடத்தின் நடுவுக்குப் போய் வானவில். அதன்பிறகு பீடப்பகுதியின் வாயில்வரை போய், திரும்பி நின்று சாத்திய வாசல். நேராக நடுவில் போய்ப் படுத்துப் பார்க்கிற மாதிரி பார்த்தால் இந்த வரிசை கெட்டுப்போகும்.

விளிம்பில் ஓவியச் சட்டம் சுதை, உள்ளே வரைந்தது ஓவியம் என்று சுலபமாகப் பிரிக்க முடியாது. சுதைச் சுருள் ஒன்று துருத்தி வானத்துக்குள் நுழையும். அதன் தொடர்ச்சி பொன்மஞ்சள் வண்ணத்தில் வரையப்பட்டிருக்கும், நிழல் உட்பட. எது புடைப்பு, எது பூச்சு என்று அறிய எளிய வழி உண்டு. நீங்கள் நகரும்போது நிஜ நிழல் மாறும், வரைந்த நிழல் மாறாது.

பீடப்பகுதியில் நிறம் ஏறுகிறது. கூடத்தில் வெள்ளையும் பொன்னும். இங்கே சிவப்புத் தூண்கள், மேல்நடையில் நீலச்சாயல் தூண்கள். சிவப்பை இயேசுவின் இரத்தத்துக்கும் நீலத்தை மேலிருந்து இறங்கும் அருளுக்கும் சொல்வது வழக்கம். பீடத்தின் பெரிய ஓவியம் மூனிக் அரசவை ஓவியர் பால்தஸார் அகுஸ்டின் அல்ப்ரெஷ்ட் வரைந்தது. கூடத்தின் தூண்களை ஒட்டி நிற்கும் நான்கு மறைவல்லுநர் சிலைகள், அதாவது ஜெரோம், அம்புரோஸ், அகுஸ்தீன், கிரகோரி, ஃப்யூஸன் ஊர்ச் சிற்பி அன்டோன் ஷ்டுர்ம் செய்தவை. இத்தனை நிறத்துக்கும் பொன்னுக்கும் நடுவில் அந்த எளிய ஒட்டுப்போட்ட உருவம், ஏழையாகத்தான் தெரியும். தெரியட்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சிவப்புத் தூண்கள் பளிங்கு அல்ல. ஜிப்சத்தை வண்ணத்தூளோடும் தோல்பசைத் தண்ணீரோடும் மாவு மாதிரி பிசைந்து, பல நிற உருண்டைகளை ஒன்றாக அமுக்கி, ரொட்டி அறுப்பதுபோல் வில்லைகளாக அறுத்துத் தூணில் பதிப்பார்கள். நரம்புக்கோடு வேண்டிய இடத்தில் வேறு நிறக் கரைசலை ஓடவிடுவார்கள். இறுகியதும் கல்லால் தேய்ப்பு. தேய்க்கத் தேய்க்க ஊசித்துளைகள் திறக்கும். மெல்லிய கரைசலால் அடைத்து, அடுத்த நைஸ் கல்லால் மறுபடி தேய்க்க வேண்டும். ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு எண்ணெய் அல்லது மெழுகு. இது பளிங்குக்கு மலிவான மாற்று என்பது பாதிதான் உண்மை. ஆள்கூலி அவ்வளவு விழுங்கும். நிறம் நம் விருப்பம், அளவுக்கு எல்லை இல்லை என்பதுதான் ஆதாயம். அடையாளம் காண்பது எளிது: நிஜப் பளிங்கு கையை வைத்தால் சில்லென்று இருக்கும், இது அவ்வளவு குளிராது. ஆனால் தொட வேண்டாம். கை எண்ணெயும் வியர்வையும் மெழுகைத் தின்றுவிடும். இதன் எமன் தண்ணீர். ஜிப்சம் தண்ணீரில் கொஞ்சம் கரையும், பசை ஊறும். ஒருமுறை ஒழுகினால் போதும், பளபளப்பு போய் வெண்புள்ளி விழும்.

இனிக் கேடுகள். 1803இல் மடங்களை அரசு எடுத்துக்கொண்டபோது இந்தத் தேவாலயத்தையும் விற்று இடிப்பதாகப் பேச்சு; சுற்றுவட்டார விவசாயிகள் முட்டுக்கட்டை போட்டதால் தப்பியது. 1983இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 1985 முதல் 1991 வரை முழுச் சீரமைப்பு நடந்தது, செலவு ஒரு கோடி ஜெர்மன் மார்க்குக்கு மேல். விதானத்தில் விரிசலும் பூச்சுக் கழன்ற இடங்களும் கண்டதற்குக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது, தாழப் பறந்த போர்விமானங்களின் அதிர்வு. மேலே சொன்ன காளான் குடைகளை நினைத்துப் பாருங்கள். பாரம் தாங்கும், படபடவென்ற அதிர்வு அதற்கு ஆகாது. கழன்ற பூச்சை இடிக்காமல் காப்பாற்றும் வழி, நுண்துளை வழியே சுண்ணாம்பு சார்ந்த கரைசலை ஊசியால் செலுத்தி, கீழிருந்து மெத்தை வைத்த பலகையால் முட்டுக்கொடுத்து இறுகவிடுவது. இங்கே சிமெண்டைப் புகுத்தினால் தீர்ந்தது. அது கடினம், உப்பு விடும், பழைய சாந்து அசையும்போது தான் அசையாமல் நின்று பக்கத்தில் புது விரிசலை உண்டாக்கும்.

ஆனால் இன்றைக்கு அன்றாட எதிரி ஈரம்தான். ஆண்டுக்குப் பத்து இலட்சம் அளவில் ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக மணிக்கு ஏறக்குறைய 50 கிராம் நீராவி விடுவார். 200 பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பத்து லிட்டர். அதோடு கோட்டில் வரும் மழைநீர், காலணியில் வரும் பனி, உடைத் தூசி. தூசியும் மெழுகுவர்த்திக் கரியும் குளிர்ந்த பரப்பில்தான் போய்ப் படியும். ரீப்பர் இருக்கும் இடமும் இடைவெளியும் வெவ்வேறு வெப்பநிலையில் இருந்தால், மேலே உள்ள மரவரிசையே கீழே வெள்ளைப் பூச்சில் சாம்பல்நிறக் கோடுகளாக நிழலாடும்.

குளிர்காலத்தில் சூடேற்றலாமே என்று தோன்றும். வெளியே 0 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை உள்ளே 15 டிகிரிக்குச் சூடாக்கினால், ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே விழும். மரச்சிலைகள் சுருங்கும், வண்ணமும் பொன்தகடும் சுருங்காது, செதில் செதிலாகத் தூக்கும். ஆகவே இவ்வகைத் தேவாலயத்தில் குளிரைப் பொறுத்துக்கொள்வதுதான் வைத்தியம்.

இதைவிட ஆபத்தானது வசந்தகாலம். தடித்த சுவர் குளிர்காலத்துக் குளிரை வாரக்கணக்கில் உள்ளே வைத்திருக்கும். வெளியே இதமான நாள், 15 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று ஒன்பதரை டிகிரிக்கு நெருங்கிக் குளிர்ந்தாலே நீராக வியர்க்கத் தொடங்கும். சுவர் 7 டிகிரியில் இருந்தால், நல்ல காற்று வரட்டும் என்று திறந்த கதவு வழியே வருவது தண்ணீர். சுதையின் அடிப்பக்கத்திலும் சிவப்புத் தூணிலும் முத்துமுத்தாகப் படியும். ஈரம் போக்குவதற்காகக் காற்றோட்டம் விட்டு, அதனாலேயே ஈரத்தைக் கூட்டிக்கொள்ளும் தவறு பழைய தேவாலயங்களில் வழக்கமாக நடப்பது. வெயிலைப் பார்த்துத் திறப்பதில் பயனில்லை. சுவரின் வெப்பநிலையையும் வெளிக்காற்றின் பனிநிலையையும் (அந்தக் காற்று நீராக வியர்க்கத் தொடங்கும் வெப்பநிலை) ஒப்பிட்டுத்தான் திறக்க வேண்டும்.

போகிறவர்களுக்கு: எட்டு மடங்கு பெருக்கும் தொலைநோக்கி போதும், அதற்கு மேல் கை நடுங்கும். பீடப்பகுதி கிழக்கே இருப்பதால் காலை வெளிச்சம் அங்கே நன்றாக விழும். வாசல் காட்சிக்குப் பிற்பகல். வழிபாட்டு நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், நேரத்தை முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் போனால் வெளியே வெயிலடிக்கும், உள்ளே விறைக்கும். கம்பளி எடுத்துப் போங்கள், உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்திவிடுங்கள்.